கெபிக்கு முன்னால் ஓர் ஆட்டுப்பட்டி

வில்லியனூர் லூர்து அன்னையைத் தேடிச் செல்வது புதுச்சேரி இறைமக்களாகிய நமக்குப் பழக்கமான பயணம். நம் பங்குகளில் உள்ள லூர்து கெபிகளில் அன்னையின் முன் முழந்தாளிட்டிருக்கும் சிறுமியையும் நாம் அறிவோம். அந்தச் சிறுமி கெபிக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தார் என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

பெர்னதெத் 1844 ஜனவரி 7 அன்று பிரான்சின் லூர்து நகரில் பிறந்தார். தந்தை தண்ணீரால் இயங்கும் மாவு ஆலையை நடத்தினார். தாய்க்குத் தீக்காயம் ஏற்பட்டதால், கைக்குழந்தையான பெர்னதெத் பார்த்ரெஸ் என்னும் சிற்றூரில் ஒரு செவிலித்தாயிடம் பால்குடித்து வளர்ந்தார். பின்னர் குடும்பம் ஆலையை இழந்தது. 1855-இல் பரவிய காலரா பெர்னதெத்தின் உடல்நலத்தைக் கெடுத்தது. ஆஸ்துமா அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. 1857-இல் அக்குடும்பத்துக்குக் கிடைத்த வீடு, முன்பு சிறைச்சாலையாக இருந்த ஓர் இருண்ட அறை.

வீட்டில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று, அந்த ஆண்டு செப்டம்பரில் பெர்னதெத் மீண்டும் பார்த்ரெசுக்கு அனுப்பப்பட்டார். லூர்திலிருந்து சுமார் 4 கி.மீ. தொலைவு. பிரனீஸ் மலையடிவாரத்தில் பசும்புல் சரிவுகளும் சில வீடுகளும் கொண்ட அமைதியான ஊர். அங்கே அவர் ஆடு மேய்த்தார். வயிற்றுக்கு உணவு கிடைத்தது. ஆனால் மறைக்கல்விக்குப் போக வழியில்லை. மாலையில் செவிலித்தாய் சொல்லிக்கொடுக்க முயன்றார். மறைக்கல்வி நூலோ பிரெஞ்சு மொழியில் இருந்தது. பெர்னதெத்துக்குத் தெரிந்ததோ வட்டார மொழி மட்டுமே. எழுதப் படிக்கவும் தெரியாது. கற்பித்தவர் பொறுமை இழந்தார்.

பதினான்கு வயதாகியும் புதுநன்மை வாங்கவில்லையே என்ற ஏக்கம் பெர்னதெத்தை விடவில்லை. 1858 ஜனவரியில், உணவு கிடைத்த இடத்தை விட்டு, பசி காத்திருந்த அந்த இருட்டறைக்கே அவர் விரும்பித் திரும்பினார். சில வாரங்களில், பிப்ரவரி 11 அன்று, விறகு பொறுக்கப் போனவருக்கு மசபியேல் குகையில் அன்னை காட்சி கொடுத்தார். ஜூலை 16 வரை 18 காட்சிகள். அதற்கிடையே ஜூன் 3 அன்று, ஏங்கிய புதுநன்மையையும் பெற்றார்.

1866-இல் நெவேர் நகரத் துறவற மடத்தில் சேர்ந்தவர் பிறகு லூர்துக்குத் திரும்பவேயில்லை. 1877-இல் பிரான்சிலிருந்து வந்த அன்னையின் சுரூபம் வில்லியனூரில் நிறுவப்பட்டபோது, அவர் அம்மடத்தில் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1879 ஏப்ரல் 16 அன்று தமது 35-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1933-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அன்பார்ந்தவர்களே, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், கடையில் வேலை செய்யவும் போவதால் வகுப்புக்கே வராத பிள்ளைகளும் உண்டு. நாம் பொறுமை இழக்கும் அந்தப் பிள்ளையிடம், ஒருவேளை நம் எல்லாரையும்விட ஆழமான இறைப்பசி இருக்கலாம். இந்த வாரம் அப்படி ஒரு பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பார்ப்போமா?

புனித பெர்னதெத்தே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.