கள்ளுக்கடை மூடியாச்சு... சாயங்காலம் என்ன பண்றது? ராஜாஜியின் சேலம் பரிசோதனை சொல்லும் பாடம்

போதையை விட்ட முதல் சில மாதங்களில் பலரைத் திரும்ப இழுப்பது உடம்பு வலி மட்டுமில்லை. போர் அடிப்பதும்தான். 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜி, அந்தக் காலி நேரத்தை எப்படிக் கையாண்டார்? எங்கே சறுக்கினார்?

குடியையோ கஞ்சாவையோ மாத்திரையையோ விட்டுட்டு வீடு திரும்பிய ஒருவருக்கு, முதல் வாரம் கை நடுக்கம், தூக்கமின்மை என்று ஓடிவிடும். அதன்பிறகுதான் வேறொரு பிரச்சினை ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது? பழைய நண்பர்களைப் பார்க்க முடியாது. பழைய தெரு வழியாகப் போகக் கூடாது. டிவி பார்த்தால் பிடிக்காது, சாப்பாடு ருசிக்காது. நாள் ரொம்ப நீளமாகத் தெரியும்.

இது இன்றைய கோயம்புத்தூர் ஐ.டி. ஊழியருக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 1937-ல், சேலம் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. அந்த நாளைக் கொண்டுவந்தவர் ராஜாஜி.

யார் இந்த ராஜாஜி?

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. 1878 டிசம்பர் 10-ம் தேதி, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். இப்போது அந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் பக்கம் இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு, 1900 வாக்கில் சேலத்தில் வக்கீலாகத் தொழிலைத் தொடங்கினார். நல்ல வருமானம். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1952-ல் சென்னை மாநில முதலமைச்சர், குலக்கல்வித் திட்டத்தால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர், சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் விடாமல் பிடித்திருந்த விஷயம் ஒன்றுதான்: மதுவிலக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ராஜாஜி போதையிலிருந்து மீண்டவர் அல்ல, குடித்தே பழக்கமில்லாதவர். அடிமைத்தனம் என்பது மூளை சம்பந்தப்பட்ட நோய் என்ற பார்வை பரவாத காலம் அது. குடியை ஒரு கெட்ட பழக்கமாகவும் குடும்பத்தைக் கெடுக்கும் செலவாகவும்தான் அவர் பார்த்தார். இருந்தாலும், கடையை மூடினால் மட்டும் போதாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது?

மரத்தை வெட்டுவது முதல் படி

1921. ஒத்துழையாமை இயக்கம் சூடு பிடித்த நேரம். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியலில் இறங்கினார்கள். கள் இறக்கப் பயன்படக் கூடாது என்று தன் குடும்பத் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே பெரியார் வெட்டச் செய்தார். பெரியாரும் ராஜாஜியும் பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர் துருவம். ஆனால் அன்று ஒரே பக்கம், கடைசிவரை நண்பர்கள்.

மறியல் ஒரு கடையை மூடலாம். மரம் வெட்டினால் ஒரு தோப்பில் கள் நிற்கலாம். ஆனால் நாள் முழுக்கக் காட்டிலும் தறியிலும் வேலை பார்த்துவிட்டு வருபவருக்குக் கள்ளுக்கடை என்பது வெறும் கடை இல்லை. ஊர்க்கதை பேசும் இடம், உடம்பு அலுப்பை மறக்கும் இடம், கூட்டாளிகளைப் பார்க்கும் இடம். அதை எடுத்துவிட்டால் அங்கே என்ன வைப்பது?

மூன்று மாதம், ஒரு சிறை, ஒரு டைரி

1921 டிசம்பரில் ராஜாஜி கைதானார். வேலூர் சிறையில் மூன்று மாதம். வழக்கு, கட்சிக்காரர்கள், கூட்டங்கள் என்று ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று கையில் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆஸ்துமா வேறு.

அந்த நாட்களில் அவர் தினமும் டைரி எழுதினார். பிற்பாடு அது புத்தகமாகவும் வந்தது. சிறையையும் போதை மீட்பையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனால் வெளியிலிருந்து யாரும் நிரப்பாத ஒரு நாளைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இரண்டுக்கும் பொது. படிப்பு, எழுத்து, வழக்கமான வேலைகள் என்று அவர் நாளைக் கடத்தினார்.

புதுப்பாளையம்: நேரத்துக்கு ஒரு வேலை

1925 பிப்ரவரி 6-ம் தேதி, திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். சேலத்தில் வசதியாக வாழ்ந்த வக்கீல், தாயில்லாத தன் பிள்ளைகளோடு வந்து இங்கே குடிசையில் குடியேறினார். அதே ஆண்டு மார்ச்சில் காந்தியும் வந்து பார்த்தார்.

அந்த வட்டாரம் மழை பொய்த்துத் தவித்துக்கொண்டிருந்தது. காட்டில் வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஆசிரமம் ராட்டையைக் கொடுத்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் நூல் நூற்றுக் கூலி வாங்கினார்கள், நெசவாளர்களுக்கு வேலை கிடைத்தது. மருந்து கொடுக்கும் இடமும் இருந்தது. தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரச்சாரம், கதர் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன.

கவனிக்க வேண்டியது இதைத்தான். குடிக்காதே என்ற அறிவுரை அங்கே தனியாகப் போகவில்லை. கூடவே ஒரு வேலை போனது, கொஞ்சம் காசு போனது, போய் நிற்க ஒரு இடம் இருந்தது.

1929-ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற மாத இதழை ஆசிரமத்திலிருந்து ராஜாஜி தொடங்கினார். துணையாக இருந்தவர், பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. கதையும் படமுமாக வந்த அந்த இதழ், உப்பு சத்தியாகிரகம் வந்ததும் பத்து இதழ்களோடு நின்றுபோனது.

1937 அக்டோபர் 1: கடை இல்லாத முதல் சாயங்காலம்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அன்று முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். மூன்று மாதத்துக்குள் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மாகாணம் முழுக்க ஒரேயடியாக அமல்படுத்தாமல், தன் சொந்த மாவட்டமான சேலத்தில் முதலில் தொடங்கினார். இன்றைய பாஷையில் சொன்னால் பைலட் ப்ராஜெக்ட். அன்றைய சேலம் என்பது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேர்ந்த பெரிய பரப்பு.

கடைகள் மூடின. அரசு அதோடு கையைத் தட்டிவிட்டுப் போகவில்லை. கள்ளுக்கடைக்கு மாற்றாக என்ன கொடுப்பது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

* பொழுதுபோக்கு: கிராமங்களில் விளையாட்டு, பஜனை, நாடகம் போன்றவை ஊக்குவிக்கப்பட்டன.
* டீக்கடை: சாயங்காலம் நாலு பேர் கூடிப் பேச, போதை இல்லாத இடம்.
* சேமிப்பு: குடிக்காமல் மிச்சமாகும் காசைப் போட்டு வைக்கச் சிக்கனச் சங்கங்கள்.
* மாற்றுத் தொழில்: கள் இறக்கியவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதி. பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளித்துக் கள்ளாக மாறாது.

சாப்பாட்டுக்கும் துணிக்கும் குடும்பங்கள் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தது என்று அப்போது வந்த ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. 1938-ல் சித்தூர், கடப்பா, அடுத்து வட ஆற்காடு என்று மதுவிலக்கு விரிந்தது. அரசுக்கு விழுந்த துண்டைச் சமாளிக்க, 1939-ல் ராஜாஜி பொது விற்பனை வரி கொண்டுவந்தார்.

எங்கே சறுக்கியது?

முதல் ஓட்டை, எல்லை. காவிரிக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம் சேலம் மாவட்டம், பாலம் தாண்டினால் ஈரோடு, அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம். அங்கே மதுவிலக்கு இல்லை. ஆசை வந்தால் ஆற்றைத் தாண்டினால் போதும். கள்ளச்சாராயமும் இருந்தது.

இரண்டாவது, நேரம். 1939 அக்டோபரில், இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜி ஆட்சி இரண்டே கால் வருஷத்தில் முடிந்தது. போர்க்காலத்திலேயே கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது.

மூன்றாவதுதான் பெரியது. குடிக்கு அடிமையாகிப்போன தனி மனிதருக்கு அன்று சிகிச்சை என்று ஒன்று இல்லை. சட்டத்தை மீறினால் சிறை, அபராதம். விளையாட்டும் பஜனையும் ஊருக்குப் பொதுவானவை. இரவு தூக்கம் வராமல் புரளும் ஒருவர் அருகில் உட்கார அந்தத் திட்டத்தில் ஆள் இல்லை.

போர் அடிப்பது ஏன் இவ்வளவு ஆபத்து?

போதைப்பொருள் மூளையில் டோபமைனை இயல்புக்கு மீறிச் சுரக்க வைக்கும். தொடர்ந்து அப்படி நடந்தால் மூளை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். போதையை நிறுத்திய பிறகு, காபி, பாட்டு, கிரிக்கெட் என்று சாதாரண சந்தோஷங்கள் எதுவும் உறைக்காது. எல்லாமே சப்பென்று இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை, மனசு பலவீனமும் இல்லை. மூளை பழைய நிலைக்குத் திரும்புகிற காலம். வாரங்களோ மாதங்களோ ஆகலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மெதுவாகச் சரியாகும்.

சேலத்தில் அரைகுறையாக நின்ற யோசனை, 36 வருஷம் கழித்து அமெரிக்காவில் சிகிச்சையாகவே வந்தது. 1973-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஹண்ட், நேதன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள், குடிநோயாளிகளுக்கு வேலை தேட உதவி, குடும்ப ஆலோசனை இவற்றோடு ஒரு சமூக க்ளப்பையும் ஏற்படுத்தினார்கள். இடம் எது தெரியுமா? ஒரு பழைய மதுக்கடை. அங்கே பாட்டு, சீட்டாட்டம், சினிமா எல்லாம் உண்டு, மது மட்டும் கிடையாது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் குறைவாகக் குடித்தார்கள். குடிக்காத வாழ்க்கை, குடித்த வாழ்க்கையைவிட சுவாரசியமாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை. இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

இன்று நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

* ஆபத்தான நேரத்தை முன்கூட்டியே நிரப்புங்கள். ஆறு மணிக்கு என்ன செய்வது என்று ஆறு மணிக்கு யோசிக்கக் கூடாது. வார ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். சம்பள நாளும் சனிக்கிழமை இரவும் தனிக் கவனம் வேண்டிய நாட்கள்.
* பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எதுவும் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் நடைப்பயிற்சி, ஷட்டில், சமையல் என்று ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். செய்யச் செய்யத்தான் ருசி திரும்பும்.
* தனியாக அல்ல, ஆட்களோடு. ரீல்ஸ் பார்ப்பது நேரத்தைத் தின்னும், தனிமையைத் தீர்க்காது. சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலத்தில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது.
* வீட்டில் இருப்பவர்களுக்கு: இப்போதான் விட்டாச்சே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே என்று கேட்காதீர்கள். கூட ஒரு டீ குடிக்கப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர்கள் சட்டென்று தாங்களாகவே நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்க மாத்திரைக்கும் இதே நிலைதான். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கடைசி வரை ஒரே கோரிக்கை

1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்த முடிவெடுத்தபோது, ராஜாஜிக்கு வயது 92. முதலமைச்சரை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி காலமானார். 1974-ல் மீண்டும் மதுவிலக்கு, பிறகு மீண்டும் தளர்வு, 1983-ல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு கையில்.

கடையைத் திறப்பதா மூடுவதா என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. மூடிய பிறகு அந்த மனிதர் சாயங்காலம் எங்கே போவார் என்ற கேள்வி மட்டும் 1937-க்குப் பிறகு பெரிதாகப் பேசப்படவில்லை. கோயம்புத்தூரிலோ திருச்செங்கோட்டிலோ இன்று போதையை விட்டு இருபதாவது நாளில் இருக்கும் ஒருவருக்கு, சட்டத்தைவிட அவசரமான கேள்வி அதுதான்.

உதவிக்கு: போதை மீட்பு தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.