மானிப்பாயில் தமிழில் படிப்பித்த வைத்தியர்

ஹட்டனில் தோட்டத்து இளைஞர்களுக்காக நடந்த அவசர முதலுதவி வகுப்பு ஒன்றைப் பற்றி எழுதுவதற்காகச் சில சனிக்கிழமைகள் போய்வந்தேன். கையில் கொடுத்த குறிப்புகளில் பீமர், டிபியா, எயார்வே என்று எல்லாமே ஆங்கிலச் சொற்கள், எழுத்து மட்டும் தமிழ். படிப்பிக்க வந்தவர் பொறுமையானவர். அவர் பீமர் என்று மூன்று தரம் சொல்லியும் யாரும் அசையவில்லை. தொடை எலும்பு என்று சொன்னதும் கொழுந்து பறிக்கிற பெண்பிள்ளைகள் தலைநிமிர்ந்தார்கள். அது உடைந்தால் வெளியே ஒரு துளியும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் போய்விடலாம், வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லீற்றர்தான் என்பது அதன் பிறகுதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைத் தமிழில் படிக்க ஒரு புத்தகம் இல்லையா என்று அங்கே ஒரு பிள்ளை கேட்டது. இருந்தது. 1857 இல், யாழ்ப்பாணத்தில். அதைச் செய்தவரின் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். அதே ஆண்டு டிசம்பரில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். பின்னாளில் மிஷன்காரருக்கு எதிராக நின்றவர் நாவலர். மிஷன் அனுப்பிய வைத்தியர் கிறீன். இரண்டு பேரும் தமிழ் உரைநடைக்கு வெவ்வேறு பக்கத்தால் வேலை செய்தார்கள் என்பதை நாங்கள் சேர்த்துப் பேசுவது குறைவு.

கிறீன் பெரிய குடும்பத்துப் பிள்ளை, சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கின் மத்திய பூங்கா உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். தம்பி நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845 இல் பட்டம் பெற்றார். 1847 இல் கப்பலேறி அதே ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில் தொடங்கி, 1848 இல் மானிப்பாய்க்குப் போனார். அவருக்கு முன்னரே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் வேலை செய்திருந்தார். அதனால் வெள்ளைக்கார வைத்தியம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அதை ஊர்ப் பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்ததுதான் புதிது. 1848 இல் மூன்று மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் அதுவும் ஆங்கிலத்திலேயே நடந்தது.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்தில் நிற்க மாட்டார்கள் என்பதைக் கிறீன் விரைவிலேயே கண்டுகொண்டார். சம்பளம் உள்ள இடத்துக்கு, பட்டினத்துக்குப் போய்விடுவார்கள். பேதியும் அம்மையும் பிரசவச் சாவும் கிராமத்தில்தான். ஆகவே தமிழ் படித்தார். வெறுமனே நோயாளியோடு கதைக்கும் அளவுக்கல்ல, புத்தகம் எழுதும் அளவுக்கு. 1857 இல் வெளிவந்தவை இரண்டு. ஒன்று கட்டர் என்பவரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமான அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம். மற்றது பிரசவ வைத்தியம். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளை எப்படிப் பிறக்கிறது. முதலில் எதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

சொல் தேடுவதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் தேடுவது. இல்லாவிட்டால் சமஸ்கிருதம். அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்ப மாற்றி எடுப்பது. இரசாயனம் பற்றிய நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தது இப்படித்தான். இன்றைக்கு வாசிக்கும்போது சுகரணவாதம் போன்ற சொற்கள் கனமாகத்தான் தெரிகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு அது பீமரை விட இலகுவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவருடைய சொற்களை விட, முதலில் தமிழில் தேடு என்ற அந்த ஒழுங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறுக்கு, விலா, கெண்டைக்கால், தொண்டைக்குழி என்று எங்கள் சனங்களின் வாயில் உடம்புக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு.

தனியாகச் செய்த வேலையல்ல இது. டன்போர்த், சப்மன் போன்ற அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தார்கள், திருத்தினார்கள். மிஷன் பெயர்களைச் சூடிக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழர்கள் இவர்கள். கிறீனைப் பற்றிப் பேசும்போது இவர்களை மறந்துவிடுகிறோம்.

1857 இல் ஊர் திரும்பியவர், 1862 இல் திருமணம் செய்து, மனைவி மார்கரெட்டோடு மறுபடி வந்தார். 1864 அளவில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவராகுங்கள், வெள்ளைக்காரராக வேண்டாம் என்பது அவருடைய நிலைப்பாடு. மதம் பரப்பத்தான் வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை, அவரும் மறைக்கவில்லை. மொத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் படித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழிலேயே படித்தார்கள்.

1867 இல் இரணவைத்தியம் வந்தது. காயம், முறிவு, சத்திரசிகிச்சை பற்றிய பெரிய நூல். அதே 1867 இல்தான் பிரித்தானியாவில் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தால் காயங்களைக் கிருமியின்றி வைத்திருக்கும் முறையை வெளியிட்டார். ஆகவே தமிழ்ப் புத்தகம் அச்சிலிருந்து வரும்போதே ஒரு பகுதி பழசாகத் தொடங்கிவிட்டது. இது அவருடைய குற்றமல்ல. வைத்தியத்தை ஒரு தரம் மொழிபெயர்த்துவிட்டு நிறுத்த முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது அந்த வேலையில் இருக்க வேண்டும்.

1872 ஆம் ஆண்டில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. அந்த ஆண்டில் கிரேயின் உடற்கூற்று நூலை அடிப்படையாகக் கொண்ட மனுஷ அங்காதிபாதம் 838 பக்கங்களில் வெளியானது. ஆங்கில மூலம் வெளிவந்து 14 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே 1872 இல் இலங்கை அரசு தோட்டத் தொழிலாளருக்கான வைத்தியத் தேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலையில் அப்போது கோப்பிக் காலம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள் வழியிலேயே பேதியிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் முழுக்கத் தமிழர். தமிழில் வைத்தியப் புத்தகமும் நாட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் தோட்ட வைத்தியத்தின் மொழி ஆங்கிலமாகத்தான் அமைந்தது. 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரச வைத்தியக் கல்லூரியும் ஆங்கிலத்திலேயே நடந்தது. டிஸ்பென்சரியில் ஐயா ஆங்கிலத்தில் எழுதுவார், வாங்குகிறவர் போத்தலின் நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணுவார் என்ற பழக்கம் தலைமுறைகளாக நீடித்தது.

இது பழங்கதை மட்டுமல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் நோயாளர் காவு வண்டிச் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. நல்ல சேவை. ஆனால் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரும்வரை நோயாளி அயலவரின் கையில்தான். குளவிக்கொட்டில் தொண்டை வீங்கினால், அட்ரினலின் ஊசி தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும்வரை ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பக்கத்தில் நிற்கிறவர் மூச்சுப்பாதை அடைபடுவதை அடையாளம் காண வேண்டும், அதைத் தொலைபேசியில் சொல்லவும் வேண்டும்.

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2009 இல் பதுங்குகுழி வாசலில் இரத்தத்தை அமர்த்திப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர்களல்ல. சீலைத் துணியை எங்கே இறுக்கிக் கட்டுவது என்று யாரோ தமிழில் சொல்லிக்கொடுத்ததால் தெரிந்துகொண்டவர்கள். 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்கள்.

உடல்நலம் கெட்டு 1873 இல் கிறீன் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழில் எழுதி, படிகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் 4,000 பக்கங்களைத் தாண்டும். 1884 மே 28 ஆம் திகதி அவர் காலமானார். கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று எழுதச் சொல்லியிருந்தார். அப்படியே எழுதப்பட்டது. இந்திய மருந்துப் பொருட்கள் பற்றிய அவருடைய கடைசித் தமிழ் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.