42 முறையா, 44 முறையா? ஒரு குழந்தையின் கவனத்தை எண்ணிய மாண்டிசோரி

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஒரு சிறிய பள்ளி. சுமார் 3 வயதுச் சிறுமி ஒருத்தி, குழிகள் கொண்ட மரக்கட்டையில் இருந்து மர உருளைகளை எடுக்கிறாள், கலைக்கிறாள், அந்தந்த அளவுக்கான குழியில் திரும்பப் பொருத்துகிறாள். முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மரியா மாண்டிசோரி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். கூடவே ஒரு குறும்பும் செய்தார். மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார். சிறுமி நிமிரவே இல்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசை மேல் வைத்தார். அவளோ கட்டையை அணைத்துப் பிடித்தபடி வேலையைத் தொடர்ந்தாள். கடைசியில் தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவள் போலச் சிரித்தாள்.

எத்தனை முறை செய்தாள்? ஒரு புத்தகத்தில் 42, இன்னொன்றில் 44 என்று எழுதியிருக்கிறார் மாண்டிசோரி. கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் கவனத்தை எண்ணிப் பார்க்கலாம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியிருக்கிறதே!

இந்த நிலையைத்தான் உளவியலாளர்கள் இப்போது 'ஃப்ளோ' என்கிறார்கள். நம்ம பேச்சில் லயிப்பு. செய்யும் வேலை ரொம்ப சுலபமாகவும் இருக்கக் கூடாது, மலைக்க வைக்கவும் கூடாது. அடுத்து என்ன செய்யணும் என்பது தெளிவாக இருக்கணும். சரியா தப்பா என்பதும் உடனே தெரியணும். சிறுமியின் கட்டையில் இதெல்லாம் இருந்தது. தப்பான குழியில் வைத்தால் உருளை ஒன்று மிஞ்சிவிடும். டீச்சர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சுவரைக் காக்க வந்த பள்ளி

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவாலேயில் பிறந்தவர் மாண்டிசோரி. 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தபோது, தொட்டுப் பார்த்துக் கற்கும் கருவிகளை உருவாக்கத் தொடங்கினார்.

1907 ஜனவரி 6-ல் சான் லொரென்சோவில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பின்னணி கொஞ்சம் வேடிக்கையானது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் புதுக் கட்டடத்தின் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிறுவனம் கவலைப்பட்டது. யாராவது அவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆரம்பித்த ஏற்பாடு அது.

சிறுமியிடம் கண்டதை மாண்டிசோரி அப்படியே விட்டுவிடவில்லை. குழந்தைகள் காலை முழுவதும் என்ன செய்கிறார்கள் என்பதை வரைபடமாகவே போட்டார். நடுவில் அமைதிக் கோடு. வேலையில் ஈடுபட்டால் வளைவு மேலே போகும், கலைந்தால் கீழே இறங்கும். அதில் ஒரு விஷயம் பிடிபட்டது. காலை 10 மணி வாக்கில் வகுப்பில் ஒரு சலசலப்பு வருகிறது. களைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆசிரியர் அங்கே குறுக்கிட்டால் காரியம் கெட்டது. சும்மா விட்டால் பிள்ளைகள் முன்பைவிடக் கடினமான வேலையை எடுத்து, நீண்ட நேரம் அதில் மூழ்குகிறார்கள். இதைப் பொய்க் களைப்பு என்றார் அவர். நம் ஊரில் மாண்டிசோரி போர்டு மாட்டிய சில பள்ளிகளில் பீரியடுக்கு ஒரு மணி அடிப்பதைப் பார்க்கும்போது, இந்த வரைபடம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது.

அடையாறில் ஒரு பிறந்தநாள்

அவர் வாழ்க்கையில் நெருடலான பக்கங்களும் உண்டு. 1898-ல் பிறந்த மகன் மரியோவைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றிடம் வளர்க்கக் கொடுத்தார். திருமணமாகாத தாய் என்று தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் என்ற காலம். பதின்ம வயதில்தான் மரியோ அவரோடு வந்து சேர்ந்தார். 1920-களில் முசோலினி அரசின் ஆதரவையும் மாண்டிசோரி ஏற்றார். அந்த உறவு முறிந்து, 1930-களில் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன.

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியோவுடன் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று மரியோவை பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாளுக்குப் பரிசாக அவரை விடுவித்தார் வைஸ்ராய். அந்தத் தந்தியில் மரியோவை 'மகன்' என்றே குறிப்பிட்டிருந்தார். வெளியுலகுக்கு அதுவரை மருமகன் முறை, வளர்ப்பு மகன் என்றெல்லாம் சொல்லப்பட்டு வந்தவர் மரியோ. பிறகு கொடைக்கானலிலும் இருவரும் இருந்தார்கள். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார் மாண்டிசோரி.

பிறகு வந்த அளவுகோல்

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ஃப்ளோ பற்றிய முதல் புத்தகத்தை வெளியிட்டது 1975-ல். அவர் குழுவின் முறை இது: ஆளிடம் ஒரு பேஜரைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு, ஒரு நாளில் பல தடவை எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். அந்த நொடியில் என்ன செய்கிறீர்கள், எவ்வளவு சவாலாக இருக்கிறது, உங்கள் திறமை எவ்வளவு, கவனம் எங்கே என்று படிவத்தில் குறிக்கணும். சவாலும் திறமையும் இரண்டுமே அவரவர் சராசரிக்கு மேலே இருந்தால் ஃப்ளோ.

2005-ல் அவரும் கெவின் ரதுண்டேவும் இதே முறையில் அமெரிக்காவின் நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். பாட நேரத்தில் மாண்டிசோரி மாணவர்களிடம் ஃப்ளோ கூடுதலாகத் தெரிந்தது. அதுபோன்ற பள்ளியைத் தேடிப் போகும் குடும்பங்களே வேறு மாதிரியோ என்ற சந்தேகம் மட்டும் மிச்சம்.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேஜர் ஒலித்ததுமே லயிப்பு கலைந்துவிடுமே! அதோடு, 3 வயதுக் குழந்தையிடம் படிவத்தை நீட்ட முடியாது. மாண்டிசோரியிடம் இருந்தது வெளியில் இருந்து பார்த்த கணக்கு மட்டும்தான். சிறுமிக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதற்கு, கடைசியில் அவள் சிரித்த சிரிப்பைத் தவிர வேறு பதிவு இல்லை.