எழுதப்படாத பெயர்கள்

ஈப்போவில் ஒரு மருந்தகத்தில் பயிற்சி உதவியாளராக இருக்கிறேன். சில மருந்துகளுக்கு, வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிபில் கார்த்திகேசு நினைவுக்கு வருகிறார்.

1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த சிபில், தாதி; மருத்துவச்சியும்கூட. கணவர் டாக்டர் கார்த்திகேசுவுடன் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார். இன்று அது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. நான் தினமும் கடக்கும் சாலை.

ஜப்பானியர் காலத்தில் குடும்பம் பப்பானுக்குக் குடிபெயர்ந்தது. மருந்தே அரிதான அந்த நாட்களில், காயம்பட்ட போராளிகளுக்கு ரகசியமாகச் சிகிச்சை தந்தார். 1943இல் கைதானார். சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்து, நடக்க முடியாமல் போனது. சிறுமியான மகளை மரத்தில் தொங்கவிட்டும் மிரட்டினார்கள். மருந்து பெற்றவர்கள் யாரென்று சிபில் சொல்லவே இல்லை.

ஜார்ஜ் பதக்கம் பெற்றவர், 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். வயது 48. மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்கு வந்தது.