முகம் மாறாதவனைப் படைத்தவர்

முகத்தில் ஒரு பரு வந்தாலே கண்ணாடியை விட்டு நகர மாட்டோம். வயசே ஆகாத முகம் கிடைச்சா?

அதைத்தான் கதையாக்கினார் 1854-இல் டப்ளினில் பிறந்த ஆஸ்கார் வைல்ட். உடையாலும் பேச்சாலும் லண்டனைக் கவர்ந்தவர். 1890-இல் வந்தது 'டோரியன் கிரேயின் ஓவியம்'. தனக்குப் பதிலாகத் தன் ஓவியம் முதுமையடையட்டும் என்று அழகன் டோரியன் ஆசைப்படுகிறான். அப்படியே நடக்கிறது. செய்த பாவமெல்லாம் படத்தில்; முகம் மட்டும் பளபள! கடைசியில் படத்தைக் கத்தியால் குத்துகிறான்... கிழவனாகச் செத்துக் கிடப்பது அவனே!

1895-இல், தன்னை இழிவுபடுத்திய பிரபு மீது வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த நாவலையே காட்டி அவரை மடக்கினார். வழக்கு கவிழ்ந்தது. ஆண்களோடு உறவு கொண்டதற்காக இரண்டாண்டு கடுங்காவல். விடுதலைக்குப் பின் மெல்மோத் என்ற பெயரில் வாழ்ந்தார். நீண்ட ஆயுளுக்காக ஆன்மாவை விற்ற ஒரு பழைய திகில் நாவல் நாயகனின் பெயர் அது! 1900-இல் பாரீசில் 46 வயதில் மறைந்தார். 2017-இல் பிரிட்டன் அத்தகைய தண்டனைகளுக்கு மன்னிப்பு வழங்கியது.

டோரியன் படத்தைப் பூட்டி வைத்தான். படைத்தவரோ ஊரறியக் கூண்டில் நின்றார். பவுடர் போடுவோம், தப்பில்லை. ஆனா பூட்டி வைத்த படம் நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு. அப்பப்போ திறந்து பார்ப்போமே!