சிறுத்தையைக் காட்டிக்கொடுத்த தெரு நாய்

வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் வரலாறு

ஊர் ஓரத்தில் சிறுத்தை வந்துவிட்டது என்பதை மனிதருக்கு முதலில் தெரிவிப்பது நாய்தான். சில வேளை குரைத்துத் தெரிவிக்கும். சில வேளை காணாமற் போய்த் தெரிவிக்கும்.

இரவு சோறு தின்றுவிட்டுக் களத்து மேட்டில் படுத்த நாய் காலையில் இல்லை. எஜமான் பெயர் சொல்லி அழைக்கிறார். குழந்தைகள் வரப்பு வரப்பாகத் தேடுகிறார்கள். ஓடைப் பக்கம் புல் சாய்ந்து கிடக்கிறது. மண்ணில் எதையோ இழுத்துச் சென்ற தடம். பாட்டி வாசலைச் சாத்துகிறாள்.

கொல்லிமலை, சேர்வராயன் மலை, போதமலை ஆகியவற்றின் அடிவாரத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது புதுக் கதை அல்ல. சேலம், நாமக்கல் சீமையில் தாத்தா காலந்தொட்டு உள்ள பயம் இது.

அந்தப் பயத்தோடு பல ஆண்டு போராடியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன். துப்பாக்கியும் துணிச்சலும் அவருக்கு நிறைய இருந்தன. ஆனால் ஒரு நள்ளிரவில் அவருடைய உயிரைக் காத்தது, யாரும் சீந்தாத ஒரு தெரு நாய்!

தென்னாட்டில் பிறந்த துரை

ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச் 8ந் தேதி ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டினர். ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த குடும்பம் அது. தகப்பனார் ராணுவக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.

சிறுவன் கென்னத் பெங்களூரில் வளர்ந்தான். பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தான். சட்டம் படிக்கட்டும் என்று அவனைக் கடல் கடந்து எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை. படிப்பை விட்டுவிட்டு இந்தியாவுக்கே திரும்பினான்.

பிறகு தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். அதன் பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். மணம் புரிந்துகொண்டார். ஜூன் என்ற மகளும், டொனால்டு என்ற மகனும் பிறந்தார்கள். மகனும் பிற்காலத்தில் பெயர் பெற்ற வேட்டைக்காரர் ஆனார்.

வாரத்தில் ஆறு நாள் உத்தியோகம். விடுமுறை கிடைத்தால் காடு! காரை எடுத்துக்கொண்டு ஓசூர் வழியாகப் புறப்பட்டுவிடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். மாடு மேய்ப்பவரோடும் தேன் எடுப்பவரோடும் தரையில் உட்கார்ந்து பேசுவார். பைரா, ரங்கா என்ற நண்பர்கள் அவருக்கு வழிகாட்டிகள். தழை அசைவதையும், குரங்கு கத்துவதையும், மான் கூவுவதையும் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். துப்பாக்கி இல்லாமலே தனியாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பழக்கம்.

அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா மிகப் பெரியது. தெற்கே காவிரிக் கரையிலுள்ள நாமக்கல் சீமை முதல், வடக்கே ஓசூர் வரை அது பரந்திருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல்தான். கிருஷ்ணகிரி 2004ல் பிரிந்தது. நாமக்கல் 1997ல் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் ஆண்டர்சன் தம் நூல்களில் எழுதிய ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாமே அன்று சேலம் ஜில்லா ஊர்கள்தாம்.

கும்மளாபுரத்தில் கிலி

தளிக்கு அருகே கும்மளாபுரம் என்று ஓர் ஊர். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முந்திய நாட்களில் அங்கே ஒரு சிறுத்தை மனிதரைத் தின்னத் தொடங்கியது.

சாதாரணச் சிறுத்தை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். இதுவோ வீடு தேடி வந்தது! கூரையின் கீற்றைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது. தட்டிச் சுவரைக் கிழித்துக்கொண்டு நுழைந்தது. சுமார் 250 சதுர மைல் பரப்பில் 42 பேர் அதற்கு இரையானதாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார்.

ஊர் முழுவதும் கிலி பிடித்துவிட்டது. பொழுது சாயுமுன் கதவுகள் சாத்தப்பட்டன. கதவுக்குப் பின்னால் பெட்டிகளையும் கற்களையும் முட்டுக்கொடுத்தார்கள். விடிந்து வெயில் ஏறும் வரை யாரும் வெளியே தலை காட்டவில்லை. அவசரத்துக்கும் வெளியே போக முடியாது. குழந்தைகள் அழுதால் வாயைப் பொத்தினார்கள். உழவும் கெட்டது, சந்தையும் கெட்டது.

செய்தி ஆண்டர்சனுக்கு எட்டியது. அவர் வந்து சேர்ந்தார். சிறுத்தை எந்த இரவு, எந்த வீட்டுக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கட்டி வைத்த இரையை அது தொடவில்லை. ஆகவே ஆண்டர்சன் ஒரு முடிவுக்கு வந்தார். குடிசைக்குள் தாமே இரவெல்லாம் விழித்திருப்பது என்பதுதான் அந்த முடிவு. அதாவது, தம்மையே இரையாக வைத்துக்கொண்டார்!

பல இரவுகள் கழிந்தன. சிறுத்தை அவர் இருந்த இடத்துக்கு வரவில்லை. கண் எரிந்தது, உடல் சோர்ந்தது.

தானாக வந்த துணை

அந்தச் சமயத்தில்தான் ஒரு தெரு நாய் அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. எலும்பும் தோலுமான நாய். ஊரில் யாருக்கும் சொந்தமில்லாதது. இருட்டிய பின் வெளியே நின்றால் அதன் கதி என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு விருப்பம்.

ஆண்டர்சன் அதை விரட்டவில்லை. தம்மிடமிருந்த பிஸ்கோத்தைப் போட்டார். பாலும் கொடுத்தார். அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் அருகிலேயே படுத்தது. இருவருமாகக் குடிசைக்குள் இரவைக் கழித்தார்கள்.

மனிதனுடைய காது இரவில் பாதிச் செவிடு. சிறுத்தையின் பாதமோ பஞ்சு போன்றது. சருகின் மேல் நடந்தாலும் சத்தம் எழாது. நாயின் காதும் மூக்கும் அப்படி ஏமாறுவதில்லை.

நடுநிசி ஆயிற்று. ஊர் அடங்கிக் கிடந்தது. திடீரென்று நாய் எழுந்து நின்றது. அதன் முதுகு மயிர் சிலிர்த்தது. அடித்தொண்டையில் உறுமியது. ஆண்டர்சனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் தெரியவும் இல்லை. ஆனால் நாயின் உறுமலுக்கு அர்த்தம் தெரிந்தது. துப்பாக்கியை எடுத்துக் கொண்டார்.

சிறுத்தை வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. துப்பாக்கி வெடித்தது. 42 உயிரைக் குடித்த பிராணியின் கதை அதோடு முடிவுக்கு வந்தது.

அந்த நாயை ஆண்டர்சன் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நிப்பர் என்று பெயரிட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கிராமபோன் இசைத்தட்டுகளில் குழாய்க்கு முன் உட்கார்ந்திருக்குமே ஒரு நாய், அதன் பெயரும் நிப்பர்தான். கும்மளாபுரத்துத் தெருவில் பசியோடு அலைந்த நாய், துரை வீட்டுச் செல்லப் பிள்ளை ஆகிவிட்டது. ஒரு பிடி பிஸ்கோத்துக்கு அது கொடுத்த விலை ஒரு மனிதனின் உயிர்!

காலில் குத்திய முள்

சிறுத்தை செத்த பிறகு ஆண்டர்சன் அதன் உடலைக் கவனமாகப் பார்த்தார். முன்னங்காலில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்து ஒடிந்து, உள்ளேயே தங்கியிருந்தன. கால் கெட்டிருந்தது. ஓடும் மானையும் தாவும் குரங்கையும் பிடிக்க அதனால் முடியவில்லை. பசி அதை ஊருக்குள் தள்ளியது. ஓட முடியாத மனிதன் அதற்கு எளிதாக அகப்பட்டான்.

ஆண்டர்சன் தம் நூல்களில் திரும்பத் திரும்பச் சொன்ன உண்மை இது. புலியும் சிறுத்தையும் பிறவியில் ஆட்கொல்லிகள் அல்ல. காயமோ, முதுமையோ, இரைப் பஞ்சமோ அவற்றை அப்படி ஆக்குகின்றன. அரைகுறையாகச் சுட்டுவிட்டுத் தப்பவிடும் வேட்டைக்காரனும் அதற்குக் காரணம்.

வடக்கே குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் என்பவரும் இதையே கண்டார். அவருக்கும் ராபின் என்று ஒரு நாய் இருந்தது. காயம்பட்ட சிறுத்தைகளைத் தேடும்போது ராபின்தான் அவருக்குக் கண்ணும் மூக்கும். 1926ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைக் கொன்றவர் இந்தக் கார்பெட்தான்.

ஆண்டர்சனின் வாழ்விலும் நாயின் உதவி ஒரு முறையோடு நிற்கவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிவனிப்பள்ளியில் ஒரு கருஞ்சிறுத்தை மாடுகளை அடித்தது. குண்டு பட்டும் அது புதருக்குள் மறைந்துவிட்டது. அதன் தடத்தை மோப்பம் பிடிக்கக் குஷ்குஷ் என்ற கிராமத்து நாய் உதவியது. சீமை நாய்க்கு இல்லாத பெருமை, நாட்டு நாய்க்குக் கிடைத்தது!

பேனா பிடித்த கை

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் ஆண்டர்சன் சுட்டதாக அரசாங்கக் கணக்கு என்று சொல்வர். கும்மளாபுரத்துக் கதை அடங்கிய அவருடைய முதல் நூல் 1954ல் இங்கிலீஷில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு தனி யானையும் பற்றியது அது. அதன்பின் பல நூல்கள் எழுதினார். சேலம் ஜில்லாவின் சிற்றூர்ப் பெயர்கள் உலகமெங்கும் அச்சேறின.

வயது ஏற ஏற, துப்பாக்கி எடுப்பது குறைந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். காடு அழிவதைக் கண்டு வருந்தினார். கள்ளத்தனமாகச் சுடுவோரைக் கண்டித்து எழுதினார். 1972ல் வன உயிர்களைக் காக்கும் சட்டம் வந்தது. வேட்டைக் காலம் முடிந்தது. 1974 ஆகஸ்டு 30ந் தேதி, புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

நாயைக் கொண்டு போனது எது?

ஆண்டர்சன் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சிறுத்தையும் நாயும் மறையவில்லை. 2023ல் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரை அடுத்த இருக்கூர்ப் பக்கம் சிறுத்தை நடமாடுகிறது என்று பரபரப்பு உண்டாயிற்று. வனத்துறையார் கூண்டு வைத்தார்கள், கேமராக்களைப் பொருத்தினார்கள். ஊரார் பழைய கும்மளாபுரத்தைப் போலப் பொழுதோடு வீடு அடைந்தார்கள்.

சிறுத்தை ஏன் நாயைத் தேடி வருகிறது? மகாராஷ்டிர மாநிலம் அகோலே வட்டத்தின் வயற்காட்டில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். அவை தின்ற இறைச்சியின் எடையில் 100க்கு 39 பங்கு நாய் இறைச்சி என்று 2014ல் வெளியிட்டார்கள். ஆட்டைவிட நாயே அதிகம்! ஆடு பட்டிக்குள் அடைபடுகிறது. நாய் வாசலில் கிடக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

ஆனால் நாய் காணாமற் போனதெல்லாம் சிறுத்தையின் வேலை அல்ல. லாரியில் அடிபட்டிருக்கலாம். விஷம் தின்றிருக்கலாம். துணை தேடிப் போய் நாலு நாளில் திரும்பி வரலாம். நரி வளர்ந்த நாயைப் பெரும்பாலும் தாக்காது. கழுதைப்புலியும் ஓநாயும் சில இடங்களில் நாயைக் கொல்வது உண்டு.

ஆண்டர்சன் செய்ததுபோல் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். நாய், நரி, கழுதைப்புலி ஆகியவற்றின் தடத்தில் நகக்குறி பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகையால் அதன் தடம் வட்டமாய், நாலு விரலோடு, நகக்குறி இல்லாமல் இருக்கும். இரையின் தொண்டையைக் கவ்விப் புதருக்கு இழுத்துப் போகும். சில சமயம் மரத்திலும் ஏற்றிவிடும்.

அப்படித் தடம் கண்டால் கும்பலாகக் கோலெடுத்துத் துரத்தக் கூடாது. மடக்கப்பட்ட சிறுத்தைதான் மனிதனைக் கிழிக்கும். தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து, வனத்துறைக்குச் சொல்லியனுப்புவதே சரி. இரவில் நாயை வீட்டுக்குள்ளோ, மேலும் மூடிய பட்டியிலோ அடைக்க வேண்டும். ஆட்டுப் பட்டிக்கும் மேல் மூடி வேண்டும். நாமக்கல் சீமை கோழிப் பண்ணைக்குப் பெயர் போனது. செத்த கோழியையும் கழிவையும் திறந்த வெளியில் கொட்டினால் நாய்கள் கூடும். நாய்கள் கூடும் இடத்தைத் தேடிச் சிறுத்தை வரும். குழி தோண்டிப் புதைத்தால் இரண்டும் வராது.

ஊருக்குக் காவலாக நாயை வைக்கிறோம். அந்தக் காவலாளி வாசலில் தனியாகக் கிடக்கிறான். கும்மளாபுரத்தில் ஒரு துரை தெரு நாயைக் குடிசைக்குள் சேர்த்துக்கொண்டார். அன்றிரவு நாயும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். இரவில் கதவைச் சாத்துமுன் நாயையும் உள்ளே அழைத்துக்கொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகாது.