பறவைகள் இல்லாத தீவு

ராபர்ட் ஸ்ட்ரவுட் என்றால் பலருக்குத் தெரியாது. 'அல்காட்ராஸின் பறவை மனிதர்' என்றால், 1962இல் பர்ட் லங்காஸ்டர் நடித்து வந்த ஹாலிவுட் படம் சிலருக்கு நினைவு வரலாம். படத்தில் அவர் மூப்பில் கனிந்து சாந்தமாகிவிடுகிறார். உண்மையான ஸ்ட்ரவுடைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்தச் சாந்தத்தின் மேல் சந்தேகம் வலுத்தது.

1890இல் சியாட்டிலில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1909இல், பத்தொன்பது வயதை எட்டும் வேளையில், அலாஸ்காவின் ஜூனோ நகரில் மதுக்கடைப் பணியாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்று சிறை புகுந்தார். 12 ஆண்டுத் தண்டனை. 1916இல் கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறையில், உணவுக்கூடத்தில் மற்றக் கைதிகள் பார்த்திருக்க, ஆண்ட்ரூ டர்னர் என்ற காவலரைக் குத்திக் கொன்றார். தூக்கு விதிக்கப்பட்டது. தாய் எலிசபெத் மன்றாடித் திரிந்ததில், 1920இல் ஜனாதிபதி வில்சன் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அந்த ஆயுள் தனிக்கொட்டடியில் கழிந்தது.

அவ்வாண்டுதான் சிறை முற்றத்தில் சிட்டுக்குருவிக் குஞ்சுகளைக் கண்டெடுத்தார். பின்பு கானரிகள். ஏறக்குறைய 300 பறவைகளை வளர்த்தார். அவை நோயுற்றபோது மருந்து தேடினார், செத்தபோது அறுத்துப் பார்த்தார். 1933இல் கானரிகளின் நோய்கள் பற்றியும், 1943இல் பறவை நோய்கள் பற்றி விரிவாகவும் அவருடைய நூல்கள் வெளிவந்தன. முப்பதுகளும் நாற்பதுகளும் இப்படிக் கழிந்தன. (ஆய்வுக் கருவிகளில் சாராயமும் காய்ச்சினார் என்பதை அவருடைய ரசிகர்கள் சொல்ல விரும்புவதில்லை.)

1942 டிசம்பரில், 52 வயதில், அல்காட்ராஸ் தீவுக்கு மாற்றப்பட்டார். பறவைகள் உடன் வரவில்லை. பெயரில் ஒட்டிக்கொண்ட அந்தத் தீவில் அவர் ஒரு பறவையும் வளர்த்ததில்லை! அங்கே 17 ஆண்டுகள். அவற்றில் 11 ஆண்டுகள் சிறை மருத்துவமனையில், சிறுநீரக நோயோடு. அமெரிக்கச் சிறைகளின் வரலாற்றை எழுதினார். உயிரோடிருக்கும் வரை அது அச்சேற விடப்படவில்லை.

பரோல் கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்டது. அவர் அன்பான மனிதர் அல்லர் என்றுதான் உடனிருந்த பலரும் சொன்னார்கள், நான் நம்புகிறேன். ஆனாலும், தலை நரைத்து நோயில் கிடந்த கிழவரைச் சிறைக் கோப்பு 26 வயதுக் கொலைகாரனாகவே வைத்திருந்தது. டர்னரின் குடும்பத்துக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். எனக்கு இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை.

1959இல் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் சிறை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தன் கதையைச் சொன்ன படத்தைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1963 நவம்பர் 21 அன்று, 73 வயதில் இறந்தார். சிறையில் 54 ஆண்டுகள். அதில் 42 தனிமையில். மறுநாள் கென்னடி சுடப்பட்டார். பத்திரிகைகளில் வேறு எதற்கும் இடமிருக்கவில்லை.